கரீபியன் ஓவியங்களில் ஏழைகள் ஆற்றில் குளிப்பது ஏன் இத்தனை முறை வருகிறது? வறுமையைக் காட்டவா?

வீட்டில் குழாய் இல்லை, ஆற்றுக்குப் போனார்கள், ஓவியர் வரைந்தார். பாதிப் பதில் இவ்வளவுதான். படத்துக்குக் காசு கொடுத்தது யார் என்று பார்த்தால்தான் மீதி புரியும்.

ரோம் நகரத்தில் பிறந்த அகஸ்தீனோ புரூனியாஸ் 1760-களில் கரீபியத் தீவான டொமினிக்கா பக்கம் போனார். 1796-ல் அங்கேயே இறந்தார். கூட்டிப்போனவர் வில்லியம் யங். பிரான்சுடன் நடந்த போரை முடித்த 1763 உடன்படிக்கையில் பிரிட்டனுக்குக் கிடைத்த தீவுகளில் நிலம் விற்கும் அதிகாரி. நிலம் விற்பவருடன் போன ஓவியர் எதை வரைவார்? வாங்க வருபவருக்குப் பிடிப்பதைத்தான். ஆற்றங்கரையில் பெண்கள் குளிக்கிறார்கள், துவைக்கிறார்கள். தலையில் வெள்ளைத் துணிக்கட்டு, ஈரத்தில் மினுங்கும் தோள். கணினியில் பெரிதாக்கிப் பார்த்தபோது எனக்குப் பிடித்துத்தான் போனது. அப்புறம்தான் உறைத்தது, அந்தத் தீவில் பெரும்பாலோர் அடிமைகள். நான் பார்த்த ஒரு முதுகிலும் சாட்டைத் தழும்பு இல்லை.

ஹைட்டி கதை வேறு. 1944-ல் தலைநகர் போர்த்தோ பிரின்ஸில் தொடங்கிய கலை மையத்தில் சேர்ந்தவர்கள் பலர் ஓவியப் பள்ளி வாசலை மிதிக்காதவர்கள். ஹெக்டர் ஹிப்போலித் வீடுகளுக்கு வர்ணம் பூசியவர். கோழி இறகால்கூட வரைந்தார். சந்தை, துவைதுறை, ஊர்வலம் எல்லாம் அவர்களுக்கு அன்றாடம். (வாங்கியவர்களில் நிறைய பேர் அமெரிக்கச் சுற்றுலாப் பயணிகள். அதையும் மறந்துவிட வேண்டாம்.)

ஆற்றை நம்பி வாழ்வது அழகான விஷயம் என்று சொல்ல வரவில்லை. 2010-ல் ஐ.நா. அமைதிப்படை முகாமின் கழிவு, மத்திய ஹைட்டியில் ஆர்த்திபோனித் என்ற பெரிய ஆற்றின் துணை ஆற்றில் கலந்து காலரா பரவியது. அதில் குளித்தவர்கள், அதையே குடித்தவர்கள்தான் முதலில் விழுந்தார்கள்.

ஆனால் எல்லாக் குளியலும் வறுமை இல்லை. அதே மத்திய ஹைட்டியில் சோதோ அருவி இருக்கிறது. ஹைட்டி ஓவியர்களுக்கு அலுக்காத இடம். ஜூலை 16 கார்மேல் மாதா திருநாள். ஆப்பிரிக்க அடிமைகள் வழி வந்த ஹைட்டியின் வோடூ மதத்தில் அவள்தான் எசிலி என்ற பெண் தெய்வம். 2025-ல் ஆயுதக் கும்பல்கள் அந்த ஊரைப் பிடிக்கும்வரை, அன்று ஏழை, பணக்காரர் என்றில்லாமல் அருவிக்கடியில் நின்றார்கள், இலைகளால் உடம்பைத் தேய்த்தார்கள். உடுத்தி வந்த பழைய துணியைத் தண்ணீரோடு விட்டுவிட்டுப் புதிதை உடுத்திக்கொண்டு கரையேறினார்கள்.