சாப்பிட மறுக்கும் தங்கை ஏன் நாள் முழுக்கச் சமையல் வீடியோ பார்க்கிறாள்?

நடிப்பு இல்லை, பட்டினி கிடக்கும் மூளை அப்படித்தான் நடந்துகொள்ளும். 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் விஞ்ஞானி, ஆரோக்கியமான 36 இளைஞர்களுக்கு ஏறக்குறைய ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார். அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லை. சிலர் சமையல் புத்தகங்களைத் தேடித் தேடிப் படித்தார்கள். எரிச்சலும் மனச்சோர்வும் கூடவே வந்தன.

அதனால் ‘மனசு சரியானால் தானாகச் சாப்பிடுவாள்’ என்று காத்திருக்காதீர்கள். உடம்புக்குச் சாப்பாடு சேர்ந்தால்தான் மனநல சிகிச்சையும் பலன் தரும். ஆனால் ரொம்ப மெலிந்திருந்தால் வீட்டிலேயே திடீரென்று நிறைய ஊட்டக் கூடாது. அப்படி ஊட்டினால் ரத்தத்தில் பாஸ்பேட் என்ற தாது உப்பு சட்டென்று குறைந்து இதயத்தைப் பாதிக்கலாம். முதலில் டாக்டர், ரத்தப் பரிசோதனை, ஈசிஜி. மயக்கம் வந்தால் அன்றைக்கே போய்விடுங்கள். அப்புறம், சொந்தக்காரர்கள் யாராவது “எலும்பும் தோலுமா ஆயிட்டியே” என்று ஆரம்பித்தால் தயங்காமல் பேச்சை மாற்றிவிடுங்கள்.