வெயில் வந்துவிட்டால் பனிச்சரிவு பயம் போய்விடுமா?

கேள்வி: ஏப்ரல் கடைசியில் நண்பர்கள் ஆறு பேர் மணாலிக்கு மேலே மூன்று நாள் பனியில் ட்ரெக்கிங் போகிறோம். "குளிர்காலம் முடிந்தாச்சு, வெயில் அடிக்கிறது, இனி பனிச்சரிவு வராது" என்கிறார் ஏற்பாடு செய்பவர். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். 2023 ஏப்ரல் 4 அன்று சிக்கிமில் நாதுலா போகும் சாலையில் பனிச்சரிவில் சிக்கி 7 பேர் இறந்தார்கள். அவர்கள் மலையேறப் போனவர்கள் அல்ல, சுற்றுலா வந்தவர்கள். நேரம், கிட்டத்தட்ட நண்பகல்.

வெயில் பட்டதும் மேல்பனி உருகி, அந்தத் தண்ணீர் உள்ளே இறங்கும். பனித்துகள்களுக்கு இடையே இருந்த பிடிப்பு விட்டுப்போகும். இரவில் வானம் தெளிவாக இருந்தால் பனி தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு மறுபடி இறுகும். அதனால்தான் விடியற்காலையில் கல் மாதிரி இருக்கும் அதே சரிவு, மதியம் ஊறிய அவல் மாதிரி ஆகிவிடுகிறது. இரவு முழுக்க மேகம் மூடியிருந்தாலோ மழை பெய்தாலோ இந்த இறுக்கம் கிடைக்காது. அன்றைக்குக் காலை ஐந்து மணிக்குக் கிளம்பினாலும் பயனில்லை; கூடாரத்திலேயே இருங்கள்.

ஆகவே ஏற்பாடு செய்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, தினமும் எத்தனை மணிக்குக் கிளம்புகிறோம் என்பதைத்தான். "எட்டு மணிக்கு, பூரி சாப்பிட்டுவிட்டு" என்றால் வேறு ஆளைப் பாருங்கள். இருட்டிலேயே கிளம்பி, பத்து பதினோரு மணிக்குள் சரிவான இடங்களைத் தாண்டிவிட வேண்டும். கிழக்கு பார்த்த சரிவில் வெயில் முதலில் விழும். அது அதற்கும் முன்பே இளகத் தொடங்கிவிடும்.

எந்தச் சரிவு ஆபத்தானது? பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரிக்குள் இருப்பவை. வீட்டு மாடிப்படி ஏறக்குறைய 30 டிகிரிதான், அவ்வளவு சாய்வே போதும். போனில் சாய்வு காட்டும் செயலி இருக்கிறது, அளந்து பாருங்கள். ஆனால் நீங்கள் நிற்கும் இடம் சமதளமாக இருக்கிறதே என்று நிம்மதி அடையக் கூடாது. தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்பதுதான் கணக்கு. குறுகிய ஓடைப் பள்ளங்களில் உட்கார்ந்து சாப்பிடவோ கூடாரம் போடவோ வேண்டாம். மேலிருந்து வருவதெல்லாம் அங்கேதான் வந்து குவியும்.

நடக்கும்போது ஒரு பிடி பனியை எடுத்துப் பிழியுங்கள். தண்ணீர் சொட்டினால் நேரம் கடந்துவிட்டது என்று அர்த்தம். கணுக்கால் வரை புதைந்த கால் முழங்கால் வரை புதைய ஆரம்பித்தாலும், சிறு பனி உருண்டைகள் தானாக உருண்டு வந்தாலும் அதே கதைதான். அப்புறம் "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்ற பேச்சே கூடாது. சந்தேகமான இடத்தைக் கடந்தே ஆக வேண்டுமென்றால் ஒவ்வொருவராகக் கடக்கட்டும். மற்றவர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

சரி, கருவிகள். 457 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் பனிச்சரிவு டிரான்ஸ்சீவர் (பனியில் புதைந்தவர் இருக்கும் இடத்தை ரேடியோ சிக்னல் மூலம் காட்டும் சிறு கருவி), பனிக்குள் குத்தித் துழாவும் நீண்ட கம்பி, மண்வாரி மூன்றும் ஆறு பேரிடமும் இருக்க வேண்டும், வழிகாட்டியிடம் மட்டும் இருந்தால் போதாது. புதைந்தவரைப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் தோண்டி எடுக்காவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு மளமளவென்று சரிந்துவிடும். ஈரப்பனி நின்றதும் சிமெண்ட் போல இறுகும், கையால் தோண்ட முடியாது. கீழே மணாலியிலேயே ஒரு டிரான்ஸ்சீவரைப் புதைத்து, தேடிப் பழகிவிட்டு ஏறுங்கள்.