பேருந்து ஜன்னலில் தொடங்குங்கள்

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்து தினமும் பேருந்தில் புதுச்சேரிக்கு வேலைக்குப் போகிறேன். முன்பெல்லாம் ராத்திரியில் மகளுக்குச் சொந்தமாகக் கதை கட்டிச் சொல்வேன். இப்போது ஒன்றுமே வருவதில்லை. பேருந்திலும் அடுப்படியிலும் கையில் செல்போன்தான். என் கற்பனை வற்றிவிட்டதா?

பதில்: வற்றவில்லை. அது வேலை செய்ய உங்கள் நாளில் இடமே இல்லை, அவ்வளவுதான்.

நாம் சும்மா இருக்கும்போது மூளை சும்மா இருப்பதில்லை. பழைய நினைவைக் கிளறுவது, நடக்காததை நடந்ததாக நினைத்துப் பார்ப்பது போன்றவற்றுக்கான பகுதிகள் அப்போதுதான் சுறுசுறுப்பாகின்றன. 2001-ல் மூளை ஆய்வாளர் மார்கஸ் ரைக்கில் குழுவினர் இதை விளக்கி எழுதினார்கள். கதை பிறப்பதும் அங்கேதான். ரீல்ஸ் ஓடிக்கொண்டே இருந்தால் அந்தச் சும்மா நேரம் கிடைக்காது.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு ஒன்று 2014-ல் இங்கிலாந்தில் நடந்தது. சாண்டி மான், ரெபெக்கா காட்மன் இருவரும் சிலரைத் தொலைபேசிப் புத்தகத்திலிருந்து எண்களைப் பார்த்து எழுதச் சொன்னார்கள். பிறகு, இரண்டு தெர்மாக்கோல் கப்புகளை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று கேட்டார்கள். அந்தச் சலிப்பான வேலையைச் செய்தவர்களுக்கே அதிக யோசனைகள் வந்தன. அடுத்த சோதனையில், எழுதாமல் எண்களை வெறுமனே படித்தவர்கள் இன்னும் நன்றாகச் செய்தார்கள். கைக்கும் வேலையில்லை, மனம் பகல்கனவுக்குப் போய்விட்டது.

அதனால் சலிப்பைக் கண்டு பயப்படாதீர்கள். செல்போனை அடியோடு விடவும் வேண்டாம். காலைப் பயணத்தில் மட்டும் அதைப் பைக்குள் அடியில் போடுங்கள். முதலில் பெண்ணையாற்றுப் பாலத்திலிருந்து தவளக்குப்பம் வரை போதும். காதில் பாட்டும் வேண்டாம். மூன்று நான்கு நாள் எரிச்சலாக இருக்கும், கை தானாகப் பைக்குப் போகும். பலரும் இந்த இடத்தில்தான் திரும்பிவிடுகிறார்கள். தயவுசெய்து கடந்து போங்கள். கதை யோசிக்கவும் முயலாதீர்கள், ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் போதும்.

வேலை முடிந்து நேரம் இருந்தால் கடற்கரைச் சாலையில் கொஞ்சம் நடங்கள். மாலை 6 மணிக்கு மேல் அங்கே வண்டி விடமாட்டார்கள். நடப்பது யோசனைகளைப் பெருக்குகிறது என்று ஸ்டான்போர்டில் 2014-ல் செய்த ஆய்வு சொல்கிறது.

அப்புறம், அலாரத்துக்காக செல்போனைத் தலைமாட்டில் வைக்கிறீர்கள் என்றால் ஒரு மேஜைக் கடிகாரம் வாங்கிவிடுங்கள். தூக்கமே இல்லை, எதிலும் நாட்டமில்லை என்ற நிலை வாரக்கணக்கில் நீடித்தால் மட்டும் மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

ராத்திரியில் முழுக்கதை வேண்டாம். அன்று பேருந்தில் பார்த்த ஒன்றை மட்டும் மகளிடம் சொல்லுங்கள்: "ஒரு பாட்டி மடியில் துணியால் மூடிய கூடையை வைத்திருந்தாங்க. வழி முழுக்க அதைத் தட்டிக்கொடுத்துக்கிட்டே வந்தாங்க. உள்ளே என்ன இருந்திருக்கும்?" அவள் முதலில் சொல்லட்டும்.