கொடியில் இருந்த ராட்டை

அன்புள்ள ஐயா,

தேசியக் கொடியில் காவி இந்துக்களுக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு, வெள்ளை மற்றவர்களுக்கு என்று பள்ளியில் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். என் மகளின் புத்தகத்திலோ தியாகம், உண்மை, செழுமை என்று இருக்கிறது. எது சரி என்று கேட்கிறாள். என்ன சொல்வதென்று தெரியவில்லை.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் ஆசிரியர் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. 1921-இல் விளக்கம் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. விஜயவாடாவில் காங்கிரஸ் கூடியபோது பிங்கலி வெங்கையா சிவப்பும் பச்சையுமாக ஒரு கொடியைக் காந்தியிடம் கொடுத்தார். சிவப்பு இந்துக்கள், பச்சை முஸ்லிம்கள். மற்ற மதத்தாருக்காக வெள்ளையைச் சேர்க்கச் சொன்னவர் காந்தி. நடுவில் நூல் நூற்கும் ராட்டையும் வந்தது.

அப்புறம் சிக்கல் வந்தது. நிறத்துக்கு ஒரு மதம் என்றால் எங்கள் நிறம் எங்கே என்று சீக்கியர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதானே? 1931-இல் காங்கிரஸ் சிவப்பை எடுத்துவிட்டுக் காவியை மேலே வைத்தது. இந்த நிறங்களுக்கு மதப் பொருள் கிடையாது என்று தீர்மானத்திலேயே எழுதியும் வைத்தது. அம்மா படித்தது பழைய விளக்கம், அது வேண்டாம் என்று யோசித்துத்தான் மாற்றினார்கள் என்று மகளிடம் சொல்லுங்கள். 1947-இல் அரசியல் நிர்ணய சபையில் ராதாகிருஷ்ணன் இன்னொரு விளக்கம் தந்தார்: காவி பற்றின்மை, வெள்ளை உண்மையின் ஒளி, பச்சை மண்ணோடும் பயிரோடும் நமக்குள்ள உறவு. அந்தப் பச்சைதான் எனக்கு மிகவும் பிடித்தது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். ராட்டை எங்கே போனது?

1947 ஜூலை 22 அன்று அதே சபையில் நேரு காரணம் சொன்னார். கொடி இரு பக்கமும் ஒரே மாதிரி தெரிய வேண்டும். ராட்டையில் ஒரு பக்கம் பெரிய சக்கரம், மறுபக்கம் நூல் சுற்றும் கதிர். சக்கரம் கம்பத்தை ஒட்டி இருப்பதுதான் முறை. பின்னால் போய் நின்று பார்த்தால் எல்லாம் இடம் மாறித் தெரியும். அதனால் ராட்டையின் சக்கரத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அதற்கு சாரநாத் அசோகத் தூணின் சக்கர வடிவத்தைக் கொடுத்தார்கள். ஆரங்கள் 24. காந்தி மனம் நொந்தார். ராட்டை இல்லாவிட்டால் அந்தக் கொடியை வணங்க மாட்டேன் என்றே எழுதினார்.

ஆனால் ராட்டை முழுக்கப் போய்விடவில்லை, துணிக்குள் இருந்தது. அன்று நேரு சபைக்குக் கொண்டுவந்த இரண்டு கொடிகளும் கதர், ஒன்று பட்டு, ஒன்று பருத்தி. அதன் பிறகும் பல பத்தாண்டுகள் கையால் நூற்றுக் கையால் நெய்த துணியில்தான் கொடி செய்ய வேண்டும் என்பது விதி. கர்நாடகத்தில் ஹூப்ளி பெங்கேரியில் இன்றும் அப்படிச் செய்கிறார்கள். ஒரு கதர்க் கொடியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நூல் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் ஓடும். நூற்றவரின் விரல் அதில் தெரியும்.

2021 டிசம்பரில் விதியைத் திருத்தி, பாலியஸ்டரிலும் இயந்திரத்திலும் செய்யலாம் என்றார்கள். வீட்டுக்கு வீடு கொடி போக வேண்டுமென்றால் விலை குறைய வேண்டும், சரி. ஆனாலும் எனக்கு ஆறவில்லை. படத்திலிருந்து போன ராட்டை இப்போது துணியிலிருந்தும் போகிறது.

1932 ஜனவரியில் திருப்பூரில் குமரன் அடிபட்டு விழுந்தபோது பிடித்திருந்ததும் ராட்டைக் கொடிதான். உங்கள் மகள் அவரை வரைந்தால், கொடியின் நடுவில் ராட்டையைப் போடச் சொல்லுங்கள்.