டெத் வேலிக்கு ஜூனில் ஆர்வி: பட்டர்வொர்த் அண்ணனுக்கு

வணக்கம் அண்ணே. ஜூனில் அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இருக்கும் டெத் வேலி பாலைவனப் பள்ளத்தாக்கில் மூன்று இரவு ஆர்வியில் (படுக்கை, சமையல் வசதியுள்ள வண்டி) தங்கலாமா, வீட்டு ரைஸ் குக்கரை எடுத்துப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

ஜூன் வேண்டவே வேண்டாம். அங்கே அப்போது பகலில் 43 டிகிரி சர்வசாதாரணம். நம்ம பினாங்கு வெயில் மாதிரி வியர்த்துக் கொட்டாது. வறண்ட காற்றில் வியர்வை உடனே காய்ந்துவிடும், உடம்பில் நீர் குறைவதே தெரியாது. அம்மாவுக்கு ஆபத்து. டிசம்பர் பள்ளி விடுமுறையில் போங்கள். ஆனால் இரவு 5 டிகிரிக்குக் கீழேயும் இறங்கும், கம்பளி கட்டாயம்.

ஃபர்னஸ் கிரீக் முகாமில் மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் மூன்றும் உள்ள இடங்கள் 18தான். சீக்கிரம் பதியுங்கள். முகாம் கடல் மட்டத்துக்குச் சுமார் 60 மீட்டர் கீழே. மேற்கே 3,368 மீட்டர் டெலஸ்கோப் சிகரம். விடியலில் கதவைத் திறந்தால், பள்ளத்தாக்கு இருட்டாகவே கிடக்கும், பனி மூடிய உச்சி மட்டும் ரோஜா நிறத்தில். அதற்காகவே போகலாம்.

ரைஸ் குக்கரா? நானும் தூக்கிப்போய் அசடு வழிந்தவன்தான். அங்கே மின்சாரம் 120 வோல்ட், நம்முடையது 240. கால்வாசி சூடுதான் வரும். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தேன், அரிசி ஊறிப்போய் வெதுவெதுவென்று கிடந்தது. பிள்ளைகள் நெத்திலிச் சம்பலை ரொட்டியில் தடவித் தின்றார்கள். ஆர்வியிலேயே கேஸ் அடுப்பு இருக்கும், ஒரு பானை போதும்.

அப்புறம், அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்டணும். ஜேபிஜேயில் (மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறை) அனைத்துலக ஓட்டுநர் அனுமதி எடுத்துக்கொள்ளுங்கள்.