லெப்பர்ட் கெக்கோவை வீட்டில் குஞ்சு பொரிக்க வைப்பது கஷ்டமா?

ஆணும் பெண்ணுமாக இரண்டு லெப்பர்ட் கெக்கோ (சிறுத்தைப் புள்ளி போட்ட வளர்ப்புப் பல்லி) வளர்க்கிறீர்கள், குஞ்சு எடுக்கலாமா, கஷ்டமா என்று கேட்டிருக்கிறீர்கள். முட்டை வரவழைப்பது சுலபம். வந்த குஞ்சுகளை எங்கே வைப்பது என்பதில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஒருமுறை இணை சேர்ந்தாலே பெண் அந்த விந்தை உடலில் சேமித்து வைத்துக்கொண்டு பருவம் முழுக்க முட்டை போடும். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, இரண்டிரண்டாக. ஐந்தாறு ஈடு போட்டால் பத்துப் பன்னிரண்டு குஞ்சு. ஒவ்வொன்றும் நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15 முதல் 20 வருடம் இருக்கும். வளர்ந்த ஆண்களை ஒரே பெட்டியில் விட்டால் கடித்துக் குதறிக்கொள்ளும். அதனால் அலமாரியில் இன்னும் எத்தனை பெட்டிக்கு இடம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு ஜோடி சேருங்கள்.

நான் இருப்பது இங்கிலாந்தில். இங்கே இந்தப் பல்லியை வளர்க்க உரிமம் வேண்டாம். வியாபாரமாக விற்றால் 2018 விலங்கு உரிம விதிகளின்படி கவுன்சிலிடம் (உள்ளாட்சி அமைப்பு) உரிமம் வாங்க வேண்டும். இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இதைப் பார்த்துவிட்டு உடும்பையோ பச்சோந்தியையோ பிடித்து வந்துவிடாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

பெண்ணுக்கு ஒரு வயது தாண்டியிருக்க வேண்டும், எடை 50 கிராமை ஒட்டியாவது இருக்க வேண்டும், வால் தடித்திருக்க வேண்டும். கொழுப்பைச் சேர்த்து வைக்கும் இடமே வால்தான். ஆண் வால் நுனியைப் படபடவென்று அதிர வைக்கும், கழுத்தைக் கவ்வும். பார்க்கச் சண்டை போலத் தெரியும், சில நிமிடத்தில் முடிந்துவிடும். முடிந்ததும் பிரித்துவிடுங்கள். கூடவே விட்டால் விரட்டி விரட்டிப் பெண்ணை இளைக்க வைத்துவிடும்.

உங்களுடையது என்ன நிற வகை என்று சொல்லவில்லை. லெமன் ஃப்ராஸ்ட் என்றால் தயவுசெய்து வேண்டாம். அந்த வகையில் பெரும்பாலானவற்றுக்குத் தோலில் கட்டிகள் வருகின்றன. நிறத்தைத் தரும் அதே மரபணுப் பகுதியில்தான் கட்டிக்கான காரணமும் இருக்கிறது என்று 2021-இல் வெளியான ஆய்வு காட்டியது. எனிக்மா வகையிலும் தலை சாய்ந்துபோவது, வட்டமடிப்பது போன்ற நரம்புக் கோளாறுகள் உண்டு. அழகாக இருக்கிறது என்பதற்காக நோயைப் பெருக்குவது எனக்குச் சம்மதமில்லை.

முட்டையிட, மூடியில் ஓட்டை போட்ட டப்பாவில் ஈர வெர்மிகுலைட் (ஈரத்தைப் பிடித்து வைக்கும் கனிமத் துகள்) நிரப்பி வையுங்கள். வெளியே எடுக்கும்போது முட்டையைப் புரட்டாதீர்கள். கோழி முட்டையைத் திருப்பிவிட வேண்டும், இதில் நேர் எதிர். கரு உள்சுவரில் ஒட்டிக்கொண்ட பிறகு புரட்டினால் செத்துப்போகும். பென்சிலால் மேல்பக்கம் ஒரு புள்ளி வைத்துவிட்டால் குழப்பமில்லை. இன்குபேட்டர் டப்பாவிலும் வெர்மிகுலைட்தான். கையில் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது, அந்த அளவு ஈரம். முட்டையைப் பாதி புதைத்து வைக்கலாம். ஒரு வாரம் கழித்து மொபைல் டார்ச்சை ஒட்டிப் பிடித்தால் இளஞ்சிவப்பில் ரத்த நாளம் தெரியும். வெறும் மஞ்சளாகவே இருந்தால் பெரும்பாலும் கூமுட்டை.

இனி சுவாரசியமான விஷயம். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை வெப்பநிலை தீர்மானிக்கிறது. 26 டிகிரி செல்சியஸில் கிட்டத்தட்ட எல்லாம் பெண். 32-ஐத் தாண்டி அரை டிகிரி போனால் பெரும்பாலும் ஆண். நடுவில் வைத்தால் கலந்து வரும். 34, 35-க்கு ஏற்றினால் மறுபடியும் பெண்ணாகவே வரும், ஆனால் அவை முரட்டுத்தனமாக இருக்கும், பல இனப்பெருக்கத்துக்கு உதவாது. நான் 27-ஐ ஒட்டியே வைப்பேன். பொரிக்க இரண்டு மாதம்போல ஆகும், சூட்டில் வைத்தால் ஒன்றரை மாதத்தில் முடிந்துவிடும். ஆனால் கொஞ்சம் குளிர்ந்தால் தாமதம்தான், அதிகம் சூடானால் மொத்தமும் போச்சு. பெண் குஞ்சுகளுக்கு வீடு கிடைப்பதும் எளிது.

பொரிப்பதற்கு முந்தைய நாள் முட்டை வியர்த்து, சப்பையாகும். பயப்படாதீர்கள். குஞ்சு தானே கீறிக்கொண்டு வரும். நீங்கள் இழுத்தால் உறிஞ்சி முடிக்காத மஞ்சள் கரு கிழிந்துவிடும். வெளியே வருவது மூன்று கிராம் எடையில், கறுப்பும் மஞ்சளும் பட்டை போட்ட ஜீவன். சிறுத்தைப் புள்ளியெல்லாம் பிறகுதான். கையை நீட்டினால் வாயைப் பிளந்து கீச்சென்று கத்தும், அத்தனையும் வெத்துச் சவடால்.

ஒவ்வொன்றையும் தனிப் பெட்டியில் வையுங்கள். சேர்த்து வைத்தால் பெரியது சின்னதின் வாலைக் கடிக்கும். கீழே டிஷ்யூ பேப்பர் போதும், மணல் கூடாது, தின்று குடல் அடைத்துக்கொள்ளும். முதல் ஓரிரு நாளில் தோலுரித்து அதையே தின்னும், அதன் பிறகுதான் இரை கேட்கும். மூன்று நாள் சாப்பிடவில்லையே என்று பதறி வாயில் திணிக்காதீர்கள். இரையாகப் போடும் கிரிக்கெட் பூச்சி, குஞ்சின் இரு கண்களுக்கு இடையிலான அகலத்தைத் தாண்டக் கூடாது. வைட்டமின் டி3 சேர்ந்த கால்சியம் பவுடரில் புரட்டிக் கொடுங்கள். இதை விட்டால் எலும்பு வளைந்து, தாடை மெத்தென்று ஆகிவிடும், முழுதாகத் திரும்பாது. மிஞ்சிய பூச்சியை ராத்திரி உள்ளே விடக் கூடாது, குஞ்சையே கொறிக்கும். தோலுரித்த பிறகு விரல்களைப் பாருங்கள். மோதிரம்போல ஒட்டிய பழைய தோல் ரத்த ஓட்டத்தை நிறுத்தி விரலையே எடுத்துவிடும். ஈர டிஷ்யூ வைத்த ஒரு சின்ன மறைவிடம் இருந்தால் இந்தத் தொல்லை வராது.

இடம் தீர்ந்துவிட்டதா? அடுத்த ஈட்டை இட்ட அன்றே ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். கேட்க ஒரு மாதிரி இருக்கும், நானும் அதைத்தான் செய்கிறேன்.

குஞ்சைக் கொடுப்பதென்றால், ஒரு மாதமாவது நன்றாகத் தின்று எடை ஏறியிருக்க வேண்டும். வாங்க வருபவரிடம் சூடேற்றும் பாய், தெர்மோஸ்டாட் எல்லாம் பொருத்திய பெட்டியின் போட்டோவைக் காட்டச் சொல்வேன். "அதெல்லாம் அப்புறம் வாங்கிக்கலாம்" என்றால், அப்புறமே வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிடுவேன்.