கோல்ஃப் ஆடும்போது டீ, பந்துக்குறி, பென்சில் போன்ற சின்னப் பொருள்களை எங்கே, எப்படி வைத்துக்கொள்வது?

கேள்வியைக் கேட்டவரிடம் பல அறைகள் கொண்ட நல்ல கோல்ஃப் பை ஏற்கெனவே இருக்கிறது. இருந்தும் கிரீனுக்கு (குழியைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டிய பகுதிக்கு) போனதும் பந்துக்குறியையும் (பந்தை எடுக்கும்போது அதன் இடத்தைக் குறிக்க வைப்பது), அடுத்த குழிக்கான ஆட்டத்தைத் தொடங்கும்போது டீயையும் (முதல் அடிக்குப் பந்தைத் தாங்கும் சிறு முளை) தேட வேண்டியிருக்கிறது என்கிறார். இவற்றுக்கென்று தனியாக ஒரு சிறு பை வாங்கினால் தொல்லை தீருமா என்றும் கேட்கிறார். பை வாங்குவதால் மட்டும் தீராது என்பதே என் கருத்து. டீக்கள் ஓர் அறையில், கருவிகள் இன்னோர் அறையில் என்று இனவாரியாகப் பிரித்து வைப்பதுதான் பெரும்பாலோரின் வழக்கம். பார்ப்பதற்கு அது ஒழுங்காகவே இருக்கும். ஆனால் ஆட்டத்தின் நடுவில் அந்த ஒழுங்கு உதவுவதில்லை. ஒரு பொருள் தேவைப்படும் நேரத்தில் பை நம்மிடமிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கும், நம் எந்தக் கை உறையில்லாமல் இருக்கும் என்ற இரண்டையும் பார்த்துத்தான் அதன் இடத்தை முடிவு செய்ய வேண்டும்.

கிரீனை எடுத்துக்கொள்வோம். பையைக் கிரீனின்மேல் கொண்டு போகக் கூடாது என்பதால், அங்கே நம்மிடம் இருப்பவை பந்தைக் குழிக்குள் உருட்டும் கோலான பட்டரும் சட்டைப்பையிலோ கால்சட்டைப் பையிலோ உள்ளவையும் மட்டுமே. ஆகவே பந்துக்குறியும், பந்து விழுந்த பள்ளத்தைச் சரிசெய்யும் சிறு கவைக் கருவியும் உடம்பில்தான் இருக்க வேண்டும். வலக்கை ஆட்டக்காரர் கையுறையை இடக்கையில் அணிகிறார்; பட்டரை எடுக்கும்போது பெரும்பாலோர் அதைக் கழற்றிவிடுகிறார்கள். அதாவது கிரீனில் இடக்கை வெறுங்கையாக இருக்கிறது. டீ வைக்கும் இடத்திலோ அதே கையில் உறை இருப்பதால் அதைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுத் துழாவுவது சிரமம். இதனால் நான் பந்துக்குறியையும் கவையையும் கால்சட்டையின் இடப்பக்கப் பையிலும், டீக்களை வலப்பக்கப் பையிலும் வைக்கிறேன். இடக்கை ஆட்டக்காரர்கள் இதை அப்படியே மாற்றிக்கொள்ளலாம். இந்தப் பிரிவினையில் இன்னொரு வசதியும் உண்டு: பந்துக்குறியாக வைத்திருக்கும் நாணயத்தைத் தேடும் விரலில் டீயின் கூர்முனை குத்தாது.

பந்துக்குறியின் இடத்தை இவ்வளவு கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கிரீனில் பந்தின் இடத்தைக் குறிக்காமல் அதை எடுத்தால் ஓர் அடி அபராதம். குறிப்பதற்குப் பயன்படுத்துவது செயற்கைப் பொருளாக இருக்க வேண்டும்; நாணயமோ டீயோ போதும், காய்ந்த இலையோ புல்நுனியோ செல்லாது. பந்தைத் திரும்ப வைத்த பிறகு குறியை எடுக்காமலே அடித்துவிட்டாலும் ஓர் அடி அபராதம் உண்டு. எடுத்த குறி ஒவ்வொரு முறையும் ஒரே பைக்குத் திரும்ப வேண்டும் என்று பழகியவரின் கை, அந்தப் பை காலியாக இருந்தால் உடனே கண்டுபிடித்துவிடும். தொப்பியின் விளிம்பில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் குறிகள் பலருக்குப் பிடித்திருக்கின்றன. வியர்வை துடைக்கத் தொப்பியைக் கழற்றும்போது அவை எங்கோ விழுந்துவிடுவதைப் பலரிடம் பார்த்திருப்பதால், சாதாரண நாணயமே எனக்குப் போதும் என்றிருக்கிறேன்.

கவைக் கருவியைப் பற்றியும் ஒரு சொல். பள்ளத்தின் விளிம்பில் அதைக் குத்தி, சுற்றியுள்ள புல்லை நடுவை நோக்கித் தள்ளி, பிறகு பட்டரின் அடிப்பாகத்தால் மெல்லத் தட்ட வேண்டும். நடுவில் குத்தி மேலே நெம்பினால் வேர் அறுந்து அந்த இடம் காய்ந்துவிடும். இந்த வேலைக்கு மெல்லிய இரு முனைகள் போதுமானவை. மூடி திறப்பான், சிகரெட் தாங்கி, கத்தி எல்லாம் சேர்த்த கனமான வகையை வாங்கினால், அது தொடையில் இடிக்கிறது என்று நாமே கோல்ஃப் பைக்குள் போட்டுவிடுவோம். கிரீனில் அது இருக்காது.

மாற்றுப் பந்து ஒன்றும் உடம்பில் இருப்பது நல்லது. முதல் பந்து தொலைந்திருக்கலாம் அல்லது எல்லைக்கு வெளியே போயிருக்கலாம் என்று தோன்றினால், அடிப்பது தற்காலிகப் பந்து என்று அறிவித்துவிட்டு, முன்னே தேடப் போவதற்கு முன்பே அதை அடித்துவிடுவது நல்லது. வண்டியைத் தூரத்துப் பாதையில் நிறுத்திவிட்டு வந்திருந்தால், அதற்காகத் திரும்பி நடப்பது உடன் ஆடுபவர்களின் பொறுமையைச் சோதிக்கும். தேடுவதற்கு 2019ஆம் ஆண்டின் விதித் திருத்தத்துக்குப் பிறகு 3 நிமிடங்களே இருக்கின்றன. அதற்கு முன் 5 நிமிடங்கள் இருந்தன. பந்தில் சொந்த அடையாளம் இடுவதற்கு அழியாத மைப் பேனாவைப் பையில் சுமக்க வேண்டியதில்லை. வீட்டிலேயே எல்லாப் பந்துகளிலும் இட்டு, மை காய்ந்த பிறகு பையில் போடலாம். ஆனால் அடையாளம் இடுவதைத் தவிர்க்கக் கூடாது. நீங்களும் உடன் ஆடுபவரும் ஒரே நிறுவனத்தின் ஒரே எண்ணுள்ள பந்தை அடித்து, எது யாருடையது என்று சொல்ல முடியாமல் போனால், இரண்டும் தொலைந்த பந்துகளாகவே கொள்ளப்படும்.

பையில் எத்தனை பந்துகள் என்பதில் ஆட்டக்காரர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஒரு பந்தின் எடை 45.93 கிராமுக்கு மிகக் கூடாது என்பது விதி. ஒரு டசன் என்றால் கிட்டத்தட்ட 550 கிராம். நடந்தே 18 குழிகளையும் ஆடுபவர் அந்த எடையைத் தோளில் உணர்வார். நீர்நிலை அதிகமில்லாத களத்துக்கு ஆறு பந்துகள் போதும் என்பது என் கணக்கு. எண்ணிக்கையைவிட, புறப்படும் முன் எண்ணிப் பார்ப்பதுதான் முக்கியம். 2000ஆம் ஆண்டு பெபிள் பீச்சில் நடந்த அமெரிக்க ஓப்பன் போட்டியின் இரண்டாம் சுற்றில், டைகர் உட்ஸ் 18ஆம் குழியில் பந்தைக் கடலுக்குள் அடித்தபோது பையில் ஒரே ஒரு பந்துதான் மிஞ்சியிருந்தது என்று அவருடைய கேடி (பை சுமக்கும் உதவியாளர்) ஸ்டீவ் வில்லியம்ஸ் பிற்பாடு சொல்லியிருக்கிறார். அறையில் பட்டிங் பயிற்சிக்கு எடுத்த பந்துகள் பைக்குத் திரும்பவில்லை. உட்ஸ் அந்தப் போட்டியை 15 அடி வித்தியாசத்தில் வென்றார் என்பது வேறு கதை; நமக்கு அந்த வசதி கிடையாது.

ஸ்கோர் கார்டும் பென்சிலும் கிரீனில் தேவைப்படுபவை அல்ல. குழி முடிந்ததும் அங்கேயே நின்று எழுதுவது பின்னால் வருபவர்களைக் காக்க வைக்கும். அடுத்த டீ இடத்துக்குப் போய் எழுதுவதே முறை. அங்கே பை அருகில் இருக்கும் என்பதால் இவை பையின் மேலறையில், பென்சிலைக் கார்டோடு சேர்த்துச் செருகியபடி இருந்தால் போதும். மழைக்காலத்தில் ஒரு நெகிழி உறைக்குள் வைக்க வேண்டும். ஒவ்வொரு குழியின் எண்ணிக்கையையும் உடனுக்குடன் எழுதி, கையொப்பமிடும் முன் சரிபார்ப்பது எவ்வளவு அவசியம் என்பதற்கு 1968ஆம் ஆண்டின் மாஸ்டர்ஸ் போட்டி சாட்சி. ராபர்ட்டோ டி விசென்சோ 17ஆம் குழியில் எடுத்தது 3 அடிகள். உடன் ஆடியவர் கார்டில் 4 என்று எழுத, அதைக் கவனிக்காமல் அவர் கையொப்பமிட்டார். அந்தச் சுற்றில் அவருடைய மொத்தம் 65 என்பது 66 ஆகவே நின்றது. ஓர் அடியில் பட்டம் பாப் கோல்பிக்குப் போயிற்று.

பைக்கு வெளியே தொங்குபவை எவ்வளவு குறைகின்றனவோ அவ்வளவு நல்லது. துண்டு ஒன்று அவசியம். அதன் ஒரு பாதியை நனைத்து வைத்தால், கிளப்பின் (பந்தை அடிக்கும் கோலின்) வரிப்பள்ளங்களில் ஒட்டிய மண்ணை ஈரப்பாதியால் எடுத்து, காய்ந்த பாதியால் துடைக்கலாம். தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டர் அடிக்கடி எடுக்க வேண்டிய பொருள் என்பதால் அதன் உறை வெளியே இருக்கலாம். போட்டி ஆட்டமானால் உயர வேறுபாட்டைக் கணக்கிடும் வசதியை அணைத்துவைக்க வேண்டும். மாற்று மின்கலத்தை உறையிலேயே வைக்கலாம். தூரிகை, அடிகளை எண்ணும் மணிகள், உலோக வளையங்கள் என்று மாட்டிக்கொண்டே போனால் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் கோயில் மாட்டின் கழுத்துமணிபோல் சத்தம் வரும். அடுத்தவர் அடிக்கத் தயாராகும் நேரத்தில் அது எரிச்சலூட்டும்.

டீக்களில் இரண்டு நீளங்கள் போதும்: வெகுதூரம் அடிக்கும் டிரைவர் கிளப்புக்கு நீளமானது, இரும்பு கிளப்புகளுக்குக் குட்டையானது. விதிப்படி நீளம் 101.6 மில்லிமீட்டருக்கு மிகக் கூடாது. கடையில் கிடைக்கும் வழக்கமான டீக்கள் அதற்கு உட்பட்டவையே. (ஜார்ஜ் கிராண்ட் என்ற பல் மருத்துவர் மர டீக்கு 1899இல் காப்புரிமை பெற்றார், அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் ஈர மணலைக் குவித்து அதன்மேல் பந்தை வைத்தார்கள். ஆகவே பையில் டீயைத் தேடும் தொல்லை அவர்களுக்கு இருக்கவில்லை.) நான்கைந்து டீக்கள் கால்சட்டைப் பையில், மற்றவை பையின் சிற்றறையில்.

அறைகளை ஒதுக்கும்போது, பையை வெறும் தரையில் நிறுத்திப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தள்ளுவண்டியிலோ மின்வண்டியிலோ பட்டைபோட்டுக் கட்டினால் சில அறைகளின் ஜிப் திறக்காது. தோளில் சுமப்பவருக்கு உடம்போடு ஒட்டும் பக்கத்து அறை எட்டாது. நீங்கள் ஆடும் விதத்தில் பையை வைத்துப் பார்த்து, எளிதில் திறக்கும் அறையைப் பந்துகளுக்கும் இரண்டாவது கையுறைக்கும் கொடுங்கள். சாவி, கைக்கடிகாரம், மோதிரம் போன்றவற்றுக்கு மென்துணி உள்ள அறை ஒன்று பெரும்பாலான பைகளில் இருக்கும். அதில் வேறு எதையும் போட வேண்டாம்.

இனித் தனிச் சிறு பையைப் பற்றி. இரண்டு கோல்ஃப் பைகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துபவருக்கும், வாடகைக் கிளப்புகளோடு வெளியூர்க் களங்களில் ஆடுபவருக்கும் அது உண்மையாகவே பயன்படும். மாற்று டீக்கள், நாணயங்கள், மின்கலம், காயத்துக்கான ஒட்டுப்பட்டை ஆகியவற்றை அப்படியே தூக்கிக்கொண்டு போகலாம். ஒரே பையோடு ஆடுபவருக்கு அது திறக்க வேண்டிய இன்னொரு ஜிப் மட்டுமே. உங்களுடையது இரண்டாவது வகை என்று தெரிகிறது. எனவே இப்போதைக்கு வாங்க வேண்டாம் என்பேன்.